படகுக்குப் பேனல் பார்த்த வருஷம்

கடலை ஒரு தடவைகூடப் பார்க்காத காலத்திலேயே நான் ஒரு பாய்மரப் படகின் கூரைமேல் நடந்திருக்கிறேன். அந்தக் கூரை எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்துக் கிடந்தது. செய்தித்தாள்களைப் பசை போட்டு ஒட்டி, கூரையின் அளவுக்கு அப்படியே வெட்டி, வேட்டி மடிப்பதுபோல மடித்துக் கொச்சியிலிருந்து பார்சலில் அனுப்பியிருந்தார் துரை. விரித்துப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் மாதிரி முன்னே குறுகிப் பின்னே அகன்றிருந்தது. சிவப்பு மையில் குறிப்புகள் வேறு. இங்கே பாய்மரம். இங்கே மூடி, திறந்தால் ஆள் தலை வெளியே வரும். இங்கே மிதிப்போம். நான் 'இங்கே மிதிப்போம்' என்ற இடத்தில் போய் நின்றேன். வீட்டுக்காரர் சுவரோரமாக ஒட்டி நின்றுகொண்டு, "செருப்பக் கழட்டீட்டு நில்லு அம்மிணி, கிழிஞ்சு போகும்" என்றார்.

துரை என்றால் எங்கள் எஸ்டேட் மேனேஜர். நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் இருந்த அந்த டீ எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் பதினாறு வருஷம் ஃபேக்டரி எலெக்ட்ரீசியன். மோட்டார், பெல்ட், ட்ரையர் எல்லாம் அவர் பொறுப்பு. முக்கியமாக ட்ரஃப். பறித்து வரும் பச்சை இலையை வாட வைக்கும் நீளமான தொட்டி அது. நடுவில் வலை கட்டி, வலைமேல் இலையைப் பரப்பி, அடியில் பெரிய ஃபேன் வைத்துக் காற்றடிப்பார்கள். அந்த ஃபேன் நின்றால் இலை கெட்டுப்போகும் என்பதால் தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடு ஓடியவர் இவர்.

டீத்தூள் விலை விழுந்த வருஷங்கள் அவை. முதலில் வாரத்துக்கு நாலு நாள் ஃபேக்டரி ஓடியது. பிறகு இரண்டு நாள். பிறகு ஒருநாள் காலையில் சங்கு ஊதவில்லை. மணி தெரியாமல் அன்றைக்குப் பாதிப் பேர் பல் விளக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். லைன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. பெரும்பாலோர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கினார்கள். துரையும் பங்களாவைக் காலி செய்துவிட்டுக் கொச்சிக்குப் போய், சேமிப்பைப் போட்டுப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டோம். எங்களை மட்டும் குவார்ட்டர்ஸை விட்டுப் போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இவர் ஊட்டியிலும் குன்னூரிலும் மிக்ஸி, கெய்சர் ரிப்பேருக்கு அலைந்தார். நானும் சமாளித்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சொல்லாமல் என்ன செய்வது? நான் பிறந்தது குன்னூரை அடுத்த வெலிங்டனில். அப்பா ராணுவ ஆபீஸில் சிவிலியன் கிளார்க். கோயமுத்தூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இறங்கினால் முகூர்த்தம் முடிவதற்குள் கழுத்தெல்லாம் வேர்க்குரு பொங்கிவிடும். சாப்பிட்ட கையோடு மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நச்சரிப்பேன். மலைப்பாதையில் பர்லியார் தாண்டி முதல் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால்தான் உயிர் வரும். இவர் அப்படி இல்லை, அன்னூர்ப் பக்கத்துக்காரர். வெயிலில் வெங்காயம் காயப் போட்டு வளர்ந்த உடம்பு. மலையில் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குத்தான், அவருக்கு எங்கிருந்தாலும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பார்சலோடு துரையின் கடிதமும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் வாசித்துச் சொல்ல, இவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். படகுக் கூரையில் வளைகிற மாதிரி சோலார் பேனல் ஒட்டியிருந்ததாம், அது செத்துவிட்டது. படகு பழசு, அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊறும். அதை இறைத்துப்போட ஒரு சின்ன மோட்டார். மோட்டாருக்கு பேட்டரி, பேட்டரிக்குப் பேனல். ஆள் இல்லாத நேரத்தில் படகு மிதப்பது அந்தப் பேனலால்தான். வியாபாரி மூன்று தினுசு மாதிரியும் காட்டலாக்கும் கொடுத்திருக்கிறான், இதோடு வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை, உன் மனைவி புத்தகம் படிப்பாள், இரண்டு பேரும் பார்த்து முடிவு செய்யுங்கள், நீயே வந்து மாட்டிக்கொடு. இவ்வளவும் துரை எழுதக் கூடியதுதான். பங்களாவில் பல்பு மாற்றக்கூட இவரைக் கூப்பிட்டு அனுப்பிய மனுஷன். கடைசி இரண்டு வரியைத்தான் நான் மறுபடியும் வாசித்தேன். இங்கே படகு ரிப்பேர் பட்டறை முதலாளிக்கு நிரந்தரமாக ஒரு எலெக்ட்ரீசியன் தேவை, உன் வேலையை என் படகில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"கொச்சிங்களா?" என்றேன்.

"பாக்கலாம். மொதல்ல பேனலப் பாரு" என்றார் அவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மோட்டாரைத் திறந்து பார்க்கும்போது என்ன முகமோ அதே முகம்.

ஆக, நான் நல்ல பேனலாகப் பார்த்துக் கொடுத்தால் மலையை விட்டு இறங்க வேண்டும். இது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது 'உனக்குத் தெரியும், நீ சொல்' என்று சொல்லிவிட்டால் போதும், தலைகால் புரியாது. கொச்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காட்டலாக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதிரிகள். ஒன்று பாய் மாதிரி சுருட்டலாம், கத்தரிப்பூ நிறம். இன்னொன்று பிளாஸ்டிக்குக்குள் நீலச் சதுரங்களை வைத்து அழுத்தியது, முறம் அளவுக்கு வளையும். மூன்றாவதற்கு அடியில் மெல்லிய தகரம், நாலு மூலையிலும் ஓட்டை. ஜனவரி மாசம். காலையில் உறைபனி புல்லில் வெள்ளையாகக் கிடக்கும், பத்து மணிக்கு மேல் கண்ணாடி மாதிரி வெயில், மூன்று மணிக்கு மூடுபனி. மூன்று நேரமும் மூன்றையும் கோழிக்கூண்டுமேல் பரப்பி, இவர் மீட்டரை வைத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூடுபனியில் சுருட்டுகிற பாய்தான் ஜெயித்தது. மற்ற இரண்டும் தூங்கி வழிந்தபோது அது மட்டும் கொஞ்சமாவது வேலை செய்தது. எனக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது.

"அங்க இந்த மஞ்சு ஏது?" என்றார் இவர். "அதுமில்லாம, அளந்து பாரு. அதே கரண்டுக்கு ரெண்டு மடங்கு எடம் கேக்குது."

செய்தித்தாள் கூரைமேல் வைத்துப் பார்த்தால், பாய் மூடியையும் மிதிக்கும் இடத்தையும் சேர்த்து விழுங்கியது. தகரம் வைத்தது கனம். அதைவிட, உப்புத்தண்ணீர் சோதனையில் தோற்றது. அந்தச் சோதனை என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஊறுகாய்க்குக் கரைக்கிற மாதிரி உப்பு கரைத்து, மூன்றின் ஒயர் முனைகளிலும் பத்து நாள் தொட்டுத் தொட்டு வைத்தேன். தகரத்துக்காரன் பச்சை பூத்துவிட்டான். மிதிக்கும் சோதனைக்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். எஸ்டேட்டில் இலை எடுத்தவர், வேலை நின்ற பிறகு ஃபேக்டரிக்குக் கீழே தன் சொந்த அரை ஏக்கரில் பறித்துக்கொண்டிருந்தார், நல்ல வாட்டசாட்டம்.

"அக்கா, சித்த இது மேல ஏறி நில்லுங்க."

"எதுக்கு அம்மிணி, எட போடறியா?"

அக்கா நின்றார், நடந்தார், சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினார். நீலச் சதுரம் வைத்தது அசையவில்லை. அதுதான் என்று முடிவு செய்தேன். ஒரே பெரிய பேனலாக இல்லாமல் சின்னதாக இரண்டு, பாய்மரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மரத்தின் நிழல் ஒன்றின்மேல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும். தேயிலைக்கு நடுவில் சில்வர் ஓக் நிழல் காலையில் எங்கே மாலையில் எங்கே என்று பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவரைக்கும் நான் செய்ததெல்லாம் சரி. இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.

பிசகு அதற்குப் பிறகு வந்தது. செத்துப்போன பழைய பேனலையும் துரை பார்சலில் வைத்திருந்தார். அதன் மேல்தோல் அங்கங்கே அப்பளம் மாதிரி பொரிந்து உப்பியிருந்தது. பார்த்த உடனே சொன்னேன்.

"ஈரமுங்க. அடியில தண்ணி பூந்துருச்சு."

இவரும் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஈரந்தான்" என்றார். மலைக்காரர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது, பதினாறு வருஷத்தில் அவரும் மலைக்காரர் ஆகியிருந்தார். எங்கள் ஊரில் எதுவும் ஈரத்தால்தான் சாகும். செருப்பில் பூஞ்சை, கல்யாண ஆல்பத்தில் பூஞ்சை, அப்பாவின் சர்டிபிகேட்டில் பூஞ்சை. துணி பீரோவுக்குள் பகலெல்லாம் ஒரு பல்பை எரியவிடாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. எங்கள் வெயில் வெளிச்சம் மட்டும்தான் கொடுக்கும், சூடு கொடுக்காது. ஒரு பொருள் சூட்டில் கெடும் என்பது எங்கள் யோசனையிலேயே இல்லை. எதுவாக இருந்தாலும் அடியில் தடிப்பாக ஒன்றை விரித்து, சுற்றிலும் அடைத்து, மூடிவைக்க வேண்டும். அதுதான் எங்களுக்குத் தெரிந்த பராமரிப்பு.

அதையே செய்யச் சொன்னேன். ஃபேக்டரி ஸ்டோரில் இயந்திரங்களுக்கு அடியில் போடும் கெட்டியான ஃபெல்ட் கம்பளி கிடந்தது. இரண்டு பேனலுக்கும் அளவாக வெட்டிக் கொடுத்தேன். "இதை அடியில ஒட்டீட்டு, நாலு பக்கமும் ரப்பர் பசை போட்டு அடைச்சிருங்க. ஒரு பொட்டு ஈரம் உள்ள போகக்கூடாது." மார்ச் மாதம் இவர் கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொச்சிக்கு பஸ் ஏறினார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பைக்காரா டேம் மாதிரிதான், அக்கட்டால கரையக் காணோம்" என்றார். அவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? பேனல் அருமையாக வேலை செய்ததாம். பட்டறை முதலாளி வந்து பார்த்தாராம். கோடை கழியட்டும், பேனல் தாங்கினால் வேலை உனக்கு என்றாராம். அன்றைக்குச் சாயந்திரம் நான் வெளியே போய் வேலியோரத்தில் நின்று பார்த்தேன். சரிவெல்லாம் கவாத்துப் பண்ணாத தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து நின்றது. பாழாய்ப் போன எஸ்டேட்தான். ஆனாலும் அதை விட்டுப் போக வேண்டும் என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதேன்.

மே மாதம் பார்சல் திரும்பி வந்தது. என் இரண்டு பேனலும், கம்பளியோடு. பழைய பேனல் சாவதற்கு மூன்று வருஷம் எடுத்துக்கொண்டதாம். என்னுடையது இரண்டே மாதத்தில் பொரிந்து, நீலச் சதுரங்கள் சில இடங்களில் பழுப்பேறியிருந்தன. கம்பளி, ட்ரையரில் தீய்ந்த டீத்தூள் நிறத்தில் இருந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஃபேக்டரி ஆட்களுக்கு எதையும் முகர்ந்து பார்க்கிற பழக்கம் உண்டு. பிறகு மடித்து வைத்துவிட்டு, "நீயே பாத்துச் சொல்லு அம்மிணி, நான் ஊட்டி வரைக்கும் போய்ட்டு வந்தர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

துரையின் கடிதம் சின்னதாக இருந்தது. உன் மனைவியிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல். இன்னொரு தடவை யோசிக்கட்டும். அவள் எதைச் சொல்கிறாளோ அதையே போடுகிறேன், மழை தொடங்குவதற்குள் சொன்னால் போதும். பட்டறை முதலாளி சிரிக்கிறார், இன்னும் ஒரு வாய்ப்பு கொடுப்பதாகச் சொல்கிறார்.

மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை மடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோட்டை விட்டது நான்தான், அவமானம்தான், எல்லாம் தெரிந்தும் உள்ளுக்குள் குளிர்ந்தது. வேலை போச்சு, மலை மிஞ்சியது. எங்கே தப்பு என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரியாததை யாரால் சொல்ல முடியும்?

தெரியாமல் இருந்தது இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் அக்காவுக்குத் துணையாக, வேறொரு ஃபேக்டரிக்காரர்கள் இலை வாங்கும் ஷெட்டுக்குப் போனேன். கோடை மழைக்குப் பிறகு இலை கொழித்திருந்தது. விலைதான் இல்லை. இரண்டு சாக்கு சுமக்கச் சோம்பல்பட்டு அக்கா எல்லாவற்றையும் ஒரே சாக்கில் மிதித்து அடைத்திருந்தார். இலை வாங்குகிறவர் எல்லோரும் செய்வதுபோல முழங்கை வரைக்கும் சாக்குக்குள் கையை விட்டார். உடனே வெளியே எடுத்தார்.

"சூடேறிப் போச்சுங்கக்கா. உள்ள பூராச் செவந்திருக்கும்."

"காலைல பறிச்சதுங்க தம்பி!"

"எப்பப் பறிச்சா என்னுங்க? காத்துப் போக வழியில்லாம அடைச்சா வெந்துதான போகும்?"

கொட்டிக் காட்டினார். நடுவில் இருந்த இலையெல்லாம் செம்பு நிறம். நான் மீதிச் சாக்குக்குள் கையை விட்டேன். வெளியே மழைக்காற்று சில்லென்று அடிக்கிறது, உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பது போலச் சூடு. கையை எடுக்காமலே நின்றேன். பொரிந்த தோல், பழுப்பேறிய சதுரம், தீய்ந்த கம்பளி எல்லாம் ஒட்டுக்கா நினைவுக்கு வந்தன. ஈரம் இல்லை. சூடு. கொச்சி வெயிலில் அந்தப் பேனலுக்கு அடியில் கம்பளி விரித்து, நாலு பக்கமும் அடைத்து, இந்தச் சாக்கு மாதிரியே வேக வைத்திருக்கிறேன்.

"என்ன அம்மிணி, கையி மாட்டிக்கிச்சா?" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்தேன். சொல்லவில்லை.

நாலு நாள் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? 'ஒன்றும் பிடிபடவில்லை, வேறு ஆளைப் பாருங்கள்' என்று துரைக்கு ஒரு கார்டு போட்டால் முடிந்தது. முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு சுடச்சுட டீ குடித்தேன். வேலியோரம் பிளம்ஸ் காயைத் தடவிப் பார்த்தேன். மூடுபனி வந்து சமையலறை ஜன்னலை மூடும்போது, இது என் ஊர், நான் ஏன் போக வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன். இரண்டாம் நாளிலிருந்து அந்தப் படகு வந்து கண்ணுக்குள் நின்றுகொண்டது. நான் பார்த்தே இராத படகு. செய்தித்தாளில் வெட்டிய கூரையோடு கட்டிப்போட்டிருக்கிறது, அடியில் தண்ணீர் ஊறுகிறது, மோட்டார் ஓடவில்லை. மழை வேறு வரப்போகிறது. 'அவள் எதைச் சொல்கிறாளோ அதையே போடுகிறேன்.' தட்டில் சோற்றைப் போட்டால் இறங்கவில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. இவர் அதையும் குடித்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்?

ஐந்தாம் நாள் காலையில் அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அப்போது சொன்னேன்.

"ஏனுங்க, அது ஈரமில்லீங்க. சூடு. அக்கா சாக்குல கை உட்டுப் பாத்தேன். காத்துப் போகாம வெந்திருக்குது. நம்ம ட்ரஃப்ல எப்படி எலைக்கு அடியில காத்து போகுதோ, அப்படிப் போகோணும். கம்பளியும் வேண்டாம், பசையும் வேண்டாம். தூக்கி வெச்சு ஒட்டுங்க."

அவர் குனிந்தபடியே இருந்தார். கயிறு கையில் அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தாஞ் சொல்றேன்."

"செரி" என்றார். வெளியே போய், பூட்டிக் கிடந்த ஃபேக்டரியைப் பார்த்து நின்றார். எதை வைத்துத் தூக்குவது என்று யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒயரிங் பி.வி.சி. பைப்புகளை எடுத்து வந்து நெடுக்கில் பிளக்க ஆரம்பித்தார். அதே தினுசுப் பேனல்தான் மறுபடியும் வாங்கச் சொன்னோம். பைப்புகளோடு அவரே மறுபடியும் கொச்சிக்குப் போய் மாட்டினார். பிளந்த பைப்புகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக ஒட்டி, அதன்மேல் பேனல். முன்பக்கமும் பின்பக்கமும் திறப்பு. படகு நின்றாலும் போனாலும் அடியில் காற்று நுழைந்து வெளியேறும்.

பேனல் அந்த மழைக்கும் தாங்கியது, மழை இடைவெளியில் அடித்த வெயிலுக்கும் தாங்கியது. ஆகஸ்டில் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மிக்ஸி, எதற்கு என்று தெரியாமலே இரண்டு கம்பளிச் சால்வை, இவற்றோடு இறங்கினோம். பர்லியார் தாண்டியதும் காற்று சூடாக மாறியது. அதுவரை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குமேல் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொச்சியில் என் வேர்க்குரு பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். சுருக்கமாகச் சொன்னால், வெயில் ஏறும் ஒவ்வொரு நாளும் நான் அவரிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்காட்டினேன். "உங்களாலதான் மலைய உட்டு எறங்குனேன்." கரண்ட் போனால் சொல்வேன். மீன் நாற்றம் வந்தால் சொல்வேன். தலைவலித்தால் சொல்வேன். நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மட்டும் சொன்னதில்லை. அந்த ஒன்றை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நினைத்திருந்தால் இருந்திருக்கலாமே, இந்த மனுஷனுக்காக விட்டுக்கொடுத்தோமே என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொள்வேன். அவர் ஃபேன் வேகத்தை ஒரு சுற்றுக் கூட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒன்பது வருஷம் உழைத்தன அந்தப் பேனல்கள். கடைசியில் மங்கிப்போய், மாற்ற வேண்டிய நாள் வந்தது. துரைக்கு முழங்கால் வலி, படகுக்கு வர முடியவில்லை. நானும் கூடப் போனேன். மறுபடியும் அளவெடுக்க வேண்டும், மறுபடியும் மூன்று தினுசுக் காட்டலாக். இவர் பழைய பேனலைக் கழற்றுவதற்கு முன்னால் அடியில் இருந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்லா வேல செஞ்சிருக்குது" என்றார். "உன்ற ட்ரஃப்."

எனக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "நாலு நாள் உங்ககிட்டச் சொல்லாம மறைச்சு வெச்சிருந்தேனுங்க. எறங்க மனசில்லாம."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சாக்குல கை உட்டுட்டு வந்த அன்னிக்கே உன்ற மூஞ்சி சொல்லிருச்சு. அக்காவும் சொன்னாங்க, கைய எடுக்காம நின்னீன்னு." பேனலின் ஓரத்தை மெதுவாக நெம்பினார். "எனக்கு அதுக்கு மின்னாலயே தெரியும். கம்பளிய மோந்து பாத்தனல்ல? பதனாறு வருஷம் ட்ரஃப் ஃபேன் பாத்தவனுக்கு அந்த வாசம் தெரியாதா?"

நான் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப ஏன் சொல்லல? படகு முழுகியிருந்தா?"

"பார்சல் வந்த அன்னிக்கே ஊட்டி போய்த் தொரைக்குப் போன் போட்டுட்டேன். பட்டறைல தெனமும் பேட்டரிய சார்ஜ் பண்ணிக்கச் சொல்லி. படகுக்கு ஒண்ணுமாகாது."

"நாலு நாளு எனக்குச் சோறு எறங்கலீங்க!"

"எனக்குந்தான் எறங்கல. ரசம் வேற உப்பு."

சிரிப்பதா, கையில் இருந்த காட்டலாக்கால் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னுங்க?"

அவர் நிமிரவில்லை. ஒயரைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "நாஞ் சொல்லியிருந்தா, உன்னைய மலைய உட்டு எறக்குனது நானாயிருவேன். அதான் உன்ற வாய்ல வரட்டும்னு இருந்தேன். வராம போனாலும் போகட்டும், மிக்ஸி பாத்துப் பொழைச்சுக்கலாம்னுதான் இருந்தேன். எனக்கு மட்டும் அந்த ஃபேக்டரிய உட்டு வர மனசா இருந்துச்சு?"

காட்டலாக்கைத் திறந்து வைத்துக்கொண்டேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பழைய பேனலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "இந்தத் தடவ எது போடறது, சொல்லு" என்றார். அதே நீலச் சதுரம், இரண்டாக, அதே இடைவெளி விட்டு என்றேன். எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து திரும்பினோம். உச்சி வெயில் கொளுத்தியது, கழுத்தெல்லாம் எரிந்தது. வழக்கமாக அந்தத் தெருமுனையில் சொல்லிக்காட்டுவதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.